பகலில் விழுந்த நட்சத்திரம்

ஓட்டோக்காரத் தம்பி ரேடியோவைத் திருகிக்கொண்டே வந்தார். வெறும் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல் ஒரு நொடி பாடிவிட்டு அறுந்தது. "அந்த ரேடியோவ நிப்பாட்டுங்க தம்பி" என்று கத்திவிட்டேன்.

சுனாமிக்குப் பிறகு செட்டிபாளையத்தில் தகரக் கொட்டிலில் இருந்தோம். நிவாரணத்தில் கிடைத்த ரேடியோவை அப்பா, முள்ளை எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். எப்போதாவது கடலுக்கு அப்பாலிருந்து இந்தியப் பாட்டு ஒரு துண்டு தெறித்து வரும்.

"எரிநட்சத்திரம் விழுந்திருக்கு புள்ள. பகலிலயும் விழும், கண்ணுக்குத்தான் தெரியாது. அது எரிஞ்ச தடத்தில பட்டுத்தான் பாட்டு இங்க வருகுது" என்பார். உடனே நேரத்தைக் கொப்பியில் குறிப்பார்.

யுத்தம் முடிகிற காலத்தில், ஒரு காலை இராணுவச் சுற்றிவளைப்பில் அந்தக் கொப்பி அகப்பட்டது. பக்கம் பக்கமாக நேரங்கள்.

"யாருக்கு சிக்னல்?" என்று கேட்டான் துவக்கை நீட்டிக்கொண்டு நின்ற ஆமிக்காரன்.

"நட்சத்திரம் விழுந்தா வாற பாட்டு, சேர்."

"அப்ப விழச் சொல்லு."

ரேடியோவை மணலில் வைத்தான். அது இரைந்தது. துவக்குப் பிடியால் அப்பாவின் வாயில் அடித்தான். பல் உடைந்து என் சட்டையில் விழுந்தது. மீண்டும் இரைச்சல், மீண்டும் அடி. ஒரேயொரு நட்சத்திரம் விழட்டும் என்று தெரிந்த தெய்வங்களையெல்லாம் கும்பிட்டேன்.

அப்பாவை ட்ரக்கில் இழுத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். புழுதி அடங்கவில்லை, மணலில் கிடந்த ரேடியோ ஒரு நொடி பாடியது.

"என்னக்கா?" என்றார் ரேடியோவை நிப்பாட்டிய ஓட்டோக்காரத் தம்பி.

அப்பா திரும்பி வரவேயில்லை. அடித்தவனின் முகம்கூட மறந்துபோயிற்று. பிந்தி விழுந்த அந்த நட்சத்திரத்தை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.