கம்பளத்துக்கு அடியில் இருந்த கட்டங்கள்

அக்காவின் கணவர், என் அத்தானுக்கு என் வேலை மேல் ஒருநாளும் மரியாதை இருந்ததில்லை. "எலிக்க மண்டைய பொளந்து பாக்கதுக்கா இவ்வளவு படிச்சா?" என்று புதுக்கடை ஊரில் இருக்கும் தன் பாத்திரக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களுக்குள் இதே சண்டைதான்.

எலிகளின் மூளையில் நான் பார்ப்பது ஏற்பிகளை. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் வந்து தொட்டதும், அசை என்றோ சும்மா இரு என்றோ செல்லுக்குள் சொல்லி அனுப்பும் நுண்ணிய புரதங்கள் அவை. அவற்றைப் பார்த்துப் பார்த்தே என் தலை நரைத்தது. கடைசியில் அந்த அத்தானுக்கே, டோபமைன் வற்றிப்போகும் பார்கின்சன் நோய் வந்தது.

கை நடுக்கத்தை அவர் பொருட்படுத்தவில்லை. வாசலுக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்வதுதான் அவரை வதைத்தது. மாத்திரையின் வேகம் குறைகிற நேரத்தில் ஓர் அடிகூட எடுக்க முடியாமல் நிற்பார். அக்கா மகளுக்குத் தேவாலயத்தில் கல்யாணம் நிச்சயமானபோது எல்லாரும் சக்கர நாற்காலி என்றார்கள். மனுஷன் கொதித்துவிட்டார். "எனக்க பிள்ளைய கோயில்ல நான்தான் நடத்திக் கொண்டு போவேன், கேட்டியா? இல்லேண்ணா நான் வரவே மாட்டேன்."

நான் சாக்பீசை எடுத்து வீட்டு நடைக்கூடத்தில் குறுக்குக் கோடுகள் போட்டேன். "அத்தான், கோட்டத் தாண்டுங்க, போதும்."

தாண்டினார். அடுத்ததையும் தாண்டினார். அடுக்களை வரைக்கும் போய்விட்டார்! தானாக நடக்கும் வழி அடைபட்டாலும், கண் பார்த்துக் கால் வைக்கும் வழி ஒன்று மூளையில் திறந்தே கிடக்கிறது. வகுப்பில் எத்தனையோ தடவை சொன்ன பாடம்தான். ஆனாலும் எனக்குப் புல்லரித்துவிட்டது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எங்கள் கோயிலின் தரை, பழைய மிஷன் காலத்துக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். வாசலிலிருந்து பலிபீடம் வரை கோடு போட்டு வைத்த மாதிரி. அத்தான் வாரம் முழுக்க அங்கே போய் நடந்து பழகினார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு வண்டி வரத் தாமதமாகி, மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தான் கோயில் வாசலுக்கு வந்தார். நான் உள்ளே பார்த்தேன். பலிபீடம் வரை ஒரே சிவப்புக் கம்பளம். ஒரு கட்டம்கூடத் தெரியவில்லை.

அத்தானின் கால் ஒட்டிக்கொண்டது. ஆர்கன் ஒலித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் எழுந்து திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆரு விரிச்சது இத?" என்று கத்திவிட்டேன்.

சபையின் பெண்கள் சங்கத்துக்காரி ஒருத்தி பதறிப்போனாள். "அண்ணனுக்குக் கால் வழுக்கப்பிடாதுண்ணு நாங்கதான் விரிச்சோம், மக்கா."

பாசத்தில் செய்தவர்களை என்ன சொல்ல? பட்டுச் சேலையோடு மண்டியிட்டு, வாசலில் கிடந்த நுனியைப் பிடித்து உள்பக்கமாக உருட்டினேன். மறு ஓரத்தை என் அக்கா பிடித்துக்கொண்டாள். ஒரு வரிசைக் கட்டம் வெளியே வந்தது.

"பாருங்க அத்தான். தாண்டுங்க."

முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இன்னொரு வரிசையை உருட்டினேன். இன்னொரு அடி. என் வாழ்நாளெல்லாம் கண்ணாடி வில்லையின் கீழ் பார்த்த அந்த நுண்ணிய புரதங்களையும் அந்தக் காலடிகளையும் நினைத்துக்கொண்டே சுருளைத் தள்ளினேன். இவ்வளவு உடைந்த பிறகும் இந்த மூளை நடக்க ஒரு வழி வைத்திருக்கிறதே, கடவுளே!

பாதி தூரத்தில் கண்ணீர் மறைத்ததில் கை தயங்கியது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, நீ நிக்காத. எனக்க கால் நிக்கல்ல."

பலிபீடத்தின் முன் கம்பளச் சுருளைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன். பெண்ணைக் கொடுப்பது யார் என்று போதகர் கேட்டார். நடுங்கும் கையால் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார் அத்தான். "நான்," என்றார், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி.

பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "எலிகளுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லீரு, ஏட்டி."