புகை பிடிக்காதவனின் வாய்

அன்று கந்தோரில் இருந்தவர்கள் நான்கு பேர்: குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பிரதம லிகிதர், காசாளர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் அம்மா, பியோனாகிய நான்.

முதல் இருவரும் சிகரெட் பிடிப்பவர்கள். நான் தொட்டதே இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டாலும் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருப்பதை ஒன்று விடாமல் வாசிப்பேன். வாசித்த நோயெல்லாம் வீடு போய்ச் சேர்வதற்குள் எனக்கு வந்துவிடும். அடுத்தவர் விடும் புகையும் நெஞ்சைக் கெடுக்கும் என்று வாசித்ததிலிருந்து, கண்டிக் குளிரிலும் ஜன்னலைத் திறந்தே வைத்தேன். கோப்புகள் பறந்தன.

“ஐசே, எங்களைக் குளிரில சாக்காட்டப் போறீரோ?” என்பார் யாழ்ப்பாணத்துக்காரரான பிரதம லிகிதர்.

புகையிலையின் கேடு பற்றிப் பேச டாக்டர் அம்மாவை அழைத்ததே என் நச்சரிப்பால்தான். அவர் பேசி முடித்ததும் முந்திக்கொண்டேன்.

“அம்மா, இவங்க வுடுற பொகையெல்லாம் நான்தாங்க முழுங்குறேன். என் நெஞ்ச மொதல்ல பாருங்க.”

அவர் பார்த்தது என் உதட்டை.

“வாயைத் திறங்க.”

திறந்தேன். டோர்ச் அடித்துப் பார்த்தவர் முகம் மாறியது. கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகத் தடித்திருக்கிறதாம்.

“புகையிலை போடுறீங்களா?”

“ஐயோ, இல்லீங்க! வெத்தலதான். அதுல சும்மா ஒரு துண்டு போயில...”

சொல்லி முடிப்பதற்குள் காசாளர் சிரித்துவிட்டார். பிரதம லிகிதர் எழுந்தே நின்றார்.

“ஐசே, நான் புகையை வெளியில விடுறன். நீர் செடியோட விழுங்கிறீர்!”

“சிரிக்காதீங்க, அடுத்தது உங்க நெஞ்சு” என்றார் டாக்டர் அம்மா. பிரதம லிகிதர் உட்கார்ந்தார்.

என் கன்னத்தில் ஒரு துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. மனைவியிடம் பிள்ளைகளை யார் பார்ப்பது என்றுகூடப் பேசிவிட்டேன். “மொதல்ல அந்த வாய மூடுங்க” என்றாள்.

புற்று இல்லை. ஆனால் இனி ஒரு துண்டும் கூடாது என்றார்கள்.

அன்றே விட்டேன். சிக்கல் என்னவென்றால், நான் வீட்டுக்குப் போகும் வத்தேகம பஸ் நிற்கும் இடத்தில்தான் வெற்றிலைக் கடை. என்னைக் கண்டதும் கடைக்கார அக்கா கேட்காமலே ஒரு வாய் மடித்து நீட்டுவார்; மறுக்கும் தைரியம் எனக்கில்லை. அதனால் மார்க்கெட்டைச் சுற்றிப் போய் அடுத்த பஸ் தரிப்பில் ஏறினேன். கடையில் இருந்த கடன் கணக்கைத் தீர்க்கவும் போகவில்லை.

“தாரும், நான் குடுக்கிறன். சிகரெட் வாங்க அங்கதானே போறன்” என்றார் பிரதம லிகிதர். அவர் நெஞ்சைக் கெடுக்க நானே காசு கொடுத்தனுப்புவதா என்று பயந்து மறுத்துவிட்டேன்.

பாக்கி இன்னும் அப்படியே இருக்கிறது: பதினெட்டு ரூபாய் ஐம்பது சதம்.