மைக் அக்கா வாய் மூடிய இருபத்தொரு நாள்

பேருந்து நிலையத்தில் பன்னிரண்டு வருடமாக வண்டி நேரம் அறிவித்தவளுக்கு ஊர் வைத்த பெயர் மைக் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. பகல் முழுக்கக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து வண்டிகளுக்காகக் கத்துவாள். மாலையில் டயர் கடை மாடிக்குப் போய்ப் பாட்டுக் குழுவுக்காகக் கத்துவாள். நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடி என்றால், "நான் குடிக்கிற வரைக்கும் வண்டி நிக்குமா?" என்பாள்.

தெருவில் புதிதாகத் திறக்கும் நூலகத்துக்கு அந்தக் குழு தானே ஒரு பாட்டுக் கட்டியது. வரிகள் முடிதிருத்துகிறவருடையவை. தாளம் டயர்காரர். மெட்டு எல்லோரும் மூன்று மாதம் சண்டை போட்டுப் பிடித்தது. முதல் வரியை மைக் அக்கா எடுத்தால்தான் மற்றவர்களின் தொண்டைக்கு வழி தெரியும்.

திறப்புக்கு இருபது நாள் இருக்கும்போது அவள் குரல் தகரம் கிழிகிற மாதிரி ஆனது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"இருபத்தொரு நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாதும்மா. குசுகுசுன்னு பேசறதும் கூடாது. ஆவி பிடிங்க, தண்ணி குடிங்க, மதியம் கொஞ்சம் படுங்க."

"படுக்கவா?"

"அதுதான் கடைசி வார்த்தை" என்றார் டாக்டர்.

இருபத்தொன்று. திறப்போ இருபதாம் நாள். விதிக்கும் குசும்பு உண்டு.

நிலையத்தில் அவளைத் தொலைந்த பொருள் கவுண்டருக்கு மாற்றினார்கள். குடைகளும் சாப்பாட்டு டப்பாக்களும் ஒரு பல்செட்டும் அவள் பொறுப்பு. அவள் சிலேட்டில் எழுதிக் காட்டியதால், வந்தவர்களும் என்ன காரணமோ ரகசியக் குரலுக்கு இறங்கினார்கள். பல்செட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சைகை காட்டினார். இருவருக்குள்ளும் கால் மணி நேரம் நல்ல பேச்சு நடந்தது, சத்தம்தான் இல்லை.

வீட்டில் துண்டுக்குள் தலையை நுழைத்து ஆவி பிடித்தால், கூரியர் ஆபீஸிலிருந்து வந்த தங்கை, "உள்ள என்ன சினிமாவா ஓடுது? முடிஞ்சா எனக்கும் கதை சொல்லு" என்பாள். ஆனால் பிளாஸ்கில் வெந்நீர் தினமும் தானாக நிரம்பியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்து கால் நீட்டிப் படுத்த முதல் நாள், யார் வீட்டிலோ திருடிவிட்டு வந்தவள் போல மைக் அக்கா கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஐந்தாம் நாள் தூங்கிப்போனாள்.

கஷ்டம் மாலை ஆறரைக்குத்தான். டயர் கடை எதிர்ச்சாரியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் தாளம் வரும். முதல் வரி மட்டும் வராது. எட்டு தட்டு வெறுமையாகப் போகும். அப்புறம் எல்லோரும் ஆளுக்கொரு சுருதியில் தொப்பென்று விழுவார்கள். மறுநாளும் அதே.

"உன் வரிய யாரும் தொடக்கூடாதுன்னு டயர்காரர் சொல்லிட்டாராம். மரியாதையாம்" என்றாள் தங்கை.

மைக் அக்கா சிலேட்டில் அழுத்தி எழுதினாள்: 'நான் என்ன செத்தா போயிட்டேன்?' சாக்பீஸ் உடைந்தது.

அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றபோது, அந்த வரி நெஞ்சிலிருந்து கிளம்பி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே வரி. யார் டாக்டரிடம் சொல்லப் போகிறார்கள்? அவள் வெந்நீரைக் குடித்தாள். வரி உள்ளே போனது, சுட்டுக்கொண்டே. பிறகு தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தெருவைத் தாண்டினாள்.

"வாங்கக்கா! ஆறிடுச்சா?" டயர்காரர் எழுந்தே விட்டார்.

அவள் எழுதிக் காட்டினாள்: 'இடம் விடாதீங்க. இவ பாடுவா.'

"நானா? நான் குளிக்கும்போது பாடினாலே குழாய் நின்னுடும்!" என்றாள் தங்கை.

மைக் அக்கா உள்ளங்கையை உயர்த்திப் பிடித்தாள். இந்த உயரத்தில் தொடங்கு. கை ஏற, தங்கையின் குரல் தடுக்கித் தடுக்கி ஏறியது. கை இறங்க, இறங்கியது. மற்றவர்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து தினமும் பிளாஸ்கோடு போய்க் கையால் பாடிவிட்டு, நேரத்தோடு வீட்டுக்கு வந்து படுத்தாள்.

இருபதாம் நாள் நூலக வாசலில் டயர்காரர் கெஞ்சினார்: "ஒரு நாள்தானேக்கா குறையுது. ஒரு வரி மட்டும்."

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவளுக்கும் அதே ஆசைதான், அவர்களைவிடப் பத்து மடங்கு. பிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, கையை உயர்த்தினாள். தங்கை பாடினாள்.

மறுநாள் டாக்டர், "பேசலாம். பாட்டு இன்னும் ஒரு மாசம் போகட்டும்" என்றார். வெளியே காத்திருந்த தங்கை, டாக்டர் என்ன சொன்னாரோ என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ரெண்டாவது அடியில சுருதி இறங்கிட்ட" என்றாள் மைக் அக்கா. இருபத்தொரு நாள் சேர்த்துவைத்த முதல் வார்த்தைகள்.

"வந்துடுச்சா? என் நிம்மதி போச்சு" என்று தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மாலை மைக் அக்கா ஜன்னலைத் திறந்தாள். எட்டு தட்டும் நிறைந்திருந்தது. இடம் விடாதீர்கள் என்று சொன்னவள் அவள்தான். இருந்தும் காது அந்தப் பழைய வெறுமையைக் கொஞ்ச நேரம் தேடியது. பிறகு இன்னும் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றிக்கொண்டு, இன்று போக இருபத்தொன்பது நாள்தான் என்று ஜன்னல் கம்பியிடம் மெல்லச் சொன்னாள்.