வலது பக்கப் பின் கதவு

சனிக்கிழமை வாழ்க்கையில் முதல்முறையாக போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன்!

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இருங்காட்டுக்கோட்டை கார் பிளாண்டில் ட்ரெயினி. அசெம்பிளி லைனில் வலது பக்கப் பின் கதவுதான் என் பொறுப்பு. கதவைக் கடைசி வரை திறந்து, உள்ளேயிருந்து பிள்ளைகள் திறக்காதபடி தடுக்கும் சைல்ட் லாக் பிடிக்கிறதா என்று பார்த்து, அடித்து மூட வேண்டும். ஷிப்ட் முழுக்க இதேதான்.

(லைனில் பின்னாலிருந்து யாரும் சைக்கிளில் வரமாட்டார்கள்!)

எங்களை பிளாண்டுக்குக் கூட்டிப்போகும் முனுசாமி அண்ணன், டீ குடிக்க ஹைவே ஓரமாகக் காரை நிறுத்தினார். அதுவும் எங்கள் பிளாண்ட் கார்தான். பின் சீட்டில், டிரைவருக்குப் பின்னால் நான். பழக்க தோஷம், கதவைக் கடைசி வரை தள்ளினேன்.

டமார்!

சைக்கிளோடு கீழே கிடந்தார் இசக்கி. திருநெல்வேலிக்காரர், பக்கத்துக் கம்பெனியில் வேலை. மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"வண்டி நிக்குன்னு நம்பித்தான அண்ணாச்சி ஓரமா வந்தேன்!"

கூட்டம் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக டிரைவர் சட்டையைப் பிடித்தது.

"அய்யோ, நான் ஸ்டியரிங்ல கைய வெச்சுகினு குந்தினு இருந்தேன்பா!"

யார் கேட்டார்கள்?

ஸ்டேஷனில் ஏட்டய்யா முனுசாமி அண்ணனிடம் லைசென்ஸை வாங்கிக்கொண்டார்.

"சார், ஏற்கெனவே ஒரு கேஸ் கீது சார். இன்னொண்ணு வுழுந்தா ஓனர் சாவியப் புடுங்கிடுவாரு."

இதைச் சொல்லும்போதுகூட அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கேஸில் பெயர் வந்தால் வேலை நிரந்தரமாகாது என்ற பயம். (கதவை மட்டும் நன்றாகத் திறப்பேன்!)

ஏட்டய்யா பேனா மூடியைக் கழற்றினார். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"சார், திறந்தது நான்."

"இத்த இன்னாய்யா இவ்ளோ நேரம் கழிச்சு சொல்ற?"

"பயம் சார். ஆனா வண்டி நின்னுக்கிட்டுத்தான் சார் இருந்துச்சு. அவரும் கொஞ்சம் தள்ளி வந்திருக்கலாம்..."

"எங்க தள்ளி? லாரிக்கு அடியிலயா?"

ஏட்டய்யா வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

"வண்டி நின்னா இன்னா, ஓடினா இன்னா? தொறக்கறவன்தான் பின்னால பாத்துத் தொறக்கணும். வர்றவன் மேல தப்பே கெடையாது. எழுது."

என் கையெழுத்தில் ஸ்டேட்மென்ட். எழுதும்போது வெட்கமாக இருந்தது.

இசக்கிதான் பெரிய மனுஷன். "கையையும் சைக்கிளையும் சரி பண்ணிக் குடுத்தாப் போதும் சார். அந்த டிரைவரண்ணன் மேல ஒண்ணும் எழுதாதிய," என்றார். ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். எலும்பு முறியவில்லை, சுளுக்கு. சைக்கிளின் முன்சக்கரத்தையும் மாற்றிக்கொடுத்தேன். லைசென்ஸ் திரும்ப வந்தது. அண்ணன் மட்டும் என்னிடம் பேசவில்லை.

இன்று காலை அதே கார், அதே சீட். பிளாண்ட் கேட்டில் கைப்பிடியை இழுத்தேன்.

திறக்கவில்லை.

மறுபடியும் இழுத்தேன். ம்ஹூம்!

முன்னாலிருந்து குரல் வந்தது. இரண்டு நாளில் அண்ணன் என்னிடம் பேசிய முதல் பேச்சு:

"இழுக்காத தம்பி. சைல்ட் லாக் போட்டுட்டேன். இனிமே நீ அந்தாண்டதான் எறங்கணும்."

சீட்டில் நகர்ந்து நகர்ந்து இடது பக்கம் இறங்கினேன்.

லாக் என்னவோ கெட்டியாகத்தான் பிடித்திருக்கிறது. செக் பண்ணி அனுப்பியவன் நானாகத்தான் இருக்கும்!