தண்ணீர் லாரியை நிறுத்திய பாவு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை பொய்த்த அந்த வருஷங்களில் செய்யாற்றுக்குப் பஸ்ஸில் போய்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தெருவில் யாருக்கு என்ன மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம் வருவார்கள். நானும் கொஞ்சம் கர்வத்தோடுதான் எழுதிக் கொடுப்பேன்.

ஆரணியில் பட்டு நெய்யும் தெரு எங்களுடையது. சாயக் கழிவு ஊறி, வீட்டுக் கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. வாளியில் மொண்டால் தண்ணீர் வெங்காயத் தோல் நிறத்தில் இருக்கும். தெருக்கோடியில் இருந்த தோப்புக் கிணறு மட்டும் நல்ல கிணறு. தோப்புக்காரர் மோட்டார் போட்டு, சுவருக்கு வெளியே ஒரு குழாய் விட்டிருந்தார். யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. குடிக்க, சோறாக்க, பாவுக்குக் கஞ்சி காய்ச்ச, எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

அவர் இறந்ததும் பிள்ளைகள் தோப்பைக் கேன் தண்ணீர் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். சுவர் உயர்ந்தது, இரும்பு கேட் வந்தது, எங்கள் குழாயை அறுத்து அந்த ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தார்கள். நேற்றுவரை நாங்கள் குடத்தில் பிடித்த தண்ணீர், மூடி போட்ட கேனில் மூலைக் கடைக்கு வந்தது. வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். முடியாதவர்கள் சாயத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சினார்கள். எதிர்வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை.

நான் நான்கு பக்கம் மனு எழுதினேன். 'குடிநீர் அடிப்படை உரிமை' என்ற வரிக்கு அடிக்கோடு போட்டேன். மூன்று மேசைகளில் கொடுத்தேன். மூன்று ரசீதுகள் கிடைத்தன.

அந்தக் குழந்தையின் பாட்டியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும் குரல் அவளுக்கு. ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த என்னை வழிமறித்தாள்.

“இன்னாம்மா காலேஜி, உன் மனு எந்த ஊர்ல சுத்திகினு கீது?”

பரிசீலனையில் இருக்கிறது என்றேன்.

“அவங்க பரிசீலிச்சி முடிக்கறதுக்குள்ள நம்ம நாக்கு சருகாயிடும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடியும்போது அவள் வீட்டுப் பாவு தெருவில் இருந்தது. நெசவுக்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி தடவிக் காய வைப்பதுதான் பாவு. அது நீட்டியிருக்கும்போது எவரும் குறுக்கே போக மாட்டார்கள். சைக்கிளில் வருபவர்கள் இறங்கி வேறு தெரு வழியாகச் சுற்றிப் போவார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் ஒன்று பாவுக்காகக் காத்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ஒதுக்கச் சொல்லிக் கேட்கும் வழக்கமே எங்கள் ஊரில் இல்லை. வெயில் ஏறுமுன் சுற்றி எடுத்துவிடுவார்கள், அதனால் யாருக்கும் பேஜார் இல்லை.

அத்தை கம்பெனி கேட்டை மறித்து நீட்டியிருந்தாள். வெயில் ஏறியது. சுற்றவில்லை.

கேன் ஏற்றிய லாரி உள்ளேயிருந்து கேட்டுக்கு வந்து நின்றது. சேத்துப்பட்டுப் பக்கத்து டிரைவர் இறங்கி வந்து, எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார். கஞ்சி காயட்டும் என்றாள் அத்தை. அவர் குனிந்து விரல்நுனியால் இழையைத் தொட்டுப் பார்த்தார்.

“நல்லா காஞ்சிடுச்சேம்மா. எங்க வூட்லயும் தறி இருந்துச்சு.”

“அப்ப உனக்கே தெரியும். இதுமேல வண்டி உடுவியா, தம்பி?”

அவர் சிரித்துவிட்டுப் புங்க மரத்தடியில் உட்கார்ந்தார். அத்தை எங்கள் கிணற்றுத் தண்ணீரில் காபி போட்டு அனுப்பினாள். ஒரு வாய் குடித்தவர் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

வெயிலில் அதிக நேரம் கிடந்தால் பட்டு முறுகிவிடும். அந்தப் பாவு பட்டு முதலாளி கூலிக்கு நெய்யக் கொடுத்தது. கெட்டால் அடுத்த பாவு கிடைப்பது சந்தேகம். கழிசல் நூலை நீட்டினால் போதாதா என்று அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள்.

“அந்த டிரைவருக்கு நூலு தெரியும். பொய்ப் பாவுன்னா வண்டிய ஏத்திட்டுப் போயிடுவான்” என்றாள் அத்தை.

இரண்டாம் நாளும் அதே பாவு. மூன்றாம் நாள் மேனேஜர் காரில் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். வீட்டுக்கு ஒரு கேன் தினமும் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். நின்றிருந்த பெண்களின் முகம் தெளிந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், நான் தலையசைத்தேன். என் நான்கு பக்கத்தில் இவ்வளவுகூடக் கேட்டிருக்கவில்லை.

அத்தை மட்டும் அசையவில்லை.

“கேன் நீங்களா குடுக்கறது. நாளைக்கு வேணாம்னு தோணுச்சின்னா நிறுத்திடுவீங்க. குழாய முன்ன இருந்த எடத்துல வையுங்க. நாங்களே புடிச்சிக்கறோம்.”

“இது எங்க கிணறும்மா. காசு குடுத்து வாங்கினது.”

“கிணறு உங்களுது. தெரு எங்களுது. நாளைக்கும் பாவு போடுவோம்.”

எந்தப் பாவு, இது இன்னும் ஒருநாள் தாங்குமா என்று கேட்டார் அவர். அவருக்கும் நூலைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

பின்னால் நின்றிருந்த என் அம்மா முன்னே வந்து சொன்னாள்: “நாளைக்கு எங்க வூட்டுப் பாவு.”

மத்தியானம் கொத்தனார் வந்து சுவரைத் துளைத்தார். காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் விடுவது என்று முடிவானது. அதை அரைப் பக்கத்தில் நான் எழுத, மேனேஜர் கையெழுத்துப் போட்டார். குழந்தை பத்து நாளில் தேறியது.

அத்தையின் பாவு கெட்டுத்தான் போயிருந்தது. தறியில் ஏற்றினால் விரற்கடை நெய்வதற்குள் இழைகள் அறுந்தன. ஒன்றரை மாதம் ஒவ்வொன்றாக முடிந்து முடிந்து நெய்தாள். தெருப் பெண்கள் முறை வைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்தார்கள். கல்லூரி விட்டு வந்து நானும் போனேன். என் முடிச்சு நிற்கவில்லை. அவள் நகத்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி முடிவாள். நான் போவதை நிறுத்தவில்லை. அந்தச் சேலை எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனதோ தெரியாது. அதில் என் முடிச்சுகள் நான்கு இருக்கின்றன, அவள் அவிழ்க்காமல் விட்டவை.