மேகத்தில் ஏற்றாத ரிப்போர்ட்

சலோமி அக்கா இறந்த செய்தி, பனச்சமூட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது போனில் வந்தது. தெரியாத எண். எவனோ கதை விடுகிறான் என்று அக்காவின் எண்ணுக்கே அழைத்தேன். அவருடைய மகள் எடுத்து அழுதாள். பிறகுதான் நம்பினேன்.

எங்கள் லேபில் இரத்தம் கொடுத்தவர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். முன்னறையில் இரத்தம் எடுப்பது நான்; உள்ளறையில் சோதிப்பது அவர். அங்கே இருந்த கம்ப்யூட்டருக்கு நெட் கிடையாது. முடிவை அதிலேயே பார்த்து, அங்கேயே அச்சடித்து, உறையிலிட்டு ஒட்டி, உரியவர் கையில் மட்டும் கொடுப்பார். சேர்ந்த புதிதில் எனக்கு அவர்மேல் சந்தேகம். மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு இத்தனை பத்திரம் எதற்கு?

ஒருநாள் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். விவரங்களை அவர்களுக்கு அனுப்பிவிட்டால், அங்கே அலசி, நோயாளியின் போனுக்கே முடிவை அனுப்புவார்களாம். 'உங்கள் ரிப்போர்ட் இனி மேகத்தில்!' என்று, நெட்டில் சேமிக்கும் 'கிளவுட்'டைத் தமிழாக்கி, சுவரில் போஸ்டரும் ஒட்டினார். எங்கள் பக்கத்தில் மேகம் என்றால் தகாத சகவாசத்தில் வரும் நோய். காஞ்சிரங்குளத்திலிருந்து வந்த பெரியவர் அதை வாசித்துவிட்டு எழுந்தார்.

"எனக்கு மேகம் ஒண்ணும் இல்ல பிள்ளே! சுகராக்கும் நோக்க வந்தேன்!"

போயே போய்விட்டார். கம்பெனிக்காரர் பதறி, பாஸ்வேர்டு உண்டு, மேலே இருப்பவர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள் என்றார்.

"மேலேண்ணா யாரு? ஆண்டவரா?" என்றார் அக்கா. "ரெத்தம் இஞ்ச எடுத்தாச்சு, மெஷினும் இஞ்ச உண்டு. பின்ன என்னத்துக்கு அத ஊரு சுத்த விடணும்?"

அடுத்த வருடம் என் இரத்தத்தையே சோதிக்க வேண்டியிருந்தது. முடிவு நல்லதாக வரவில்லை. புருஷன் வீட்டில் தெரிந்தால் வாசலுக்கு வெளியேதான் நிற்பேன். அப்போதும் நெட் இல்லாமலே இருந்த கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் அக்காவைப் பற்றித்தான். அவருடைய சபை ஜெபக்கூட்டத்தில், இன்னாருக்கு இன்ன தீனம் என்று பெயர் சொல்லியே ஜெபிப்பார்கள். ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்து, கேட்டேவிட்டேன்.

"அக்கா, எனக்க பேர ஜெபக்கூட்டத்துல சொல்லியாச்சா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"அங்க சொன்னா ஆண்டவருக்கு முன்ன ஊருக்காக்கும் தெரியும். மனசுக்குள்ளதான் ஜெபிச்சேன் மக்கா."

பிறகு உள்ளறைக்குக் கூப்பிட்டு, என் கண்ணெதிரே அந்த ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தார். "இனி இது உனக்க கையில மட்டும்தான் உண்டு." சீ, இவரையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கத்தில் அழுதுவிட்டேன். மருந்து சாப்பிட்டேன், குணமானேன். இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறேன்.

அடக்கத்தன்று ஒருத்தி என் தோளைத் தொட்டு, "இவ்வளவு அழுறியே, அக்கா உனக்கு அப்படி என்ன செய்தாவ?" என்று கேட்டாள். பாசத்தில் கேட்டிருக்கலாம். நான் வாயே திறக்கவில்லை. வாசிக்கிற நீங்களும் நல்லவர்களாகவே இருக்கலாம். என்ன சோதனை என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன். யார் எவ்வளவு நல்லவரானாலும் ரகசியத்தை ஊர் சுற்ற விடக்கூடாது என்கிற இந்தச் சந்தேகத்தைத்தான் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டேன். அதனால் இதன் கீழே என் பெயர் இருக்காது. சலோமி என்பதும் அவருடைய பெயர் அல்ல.