ஐம்பத்தேழு பேர் பாராட்டிய பிழை

என் வலைப்பூவில் வாசகர்கள் கருத்து எழுதும் பெட்டியை மூடி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூடியதற்காக வருந்தவில்லை. திறக்கும் எண்ணமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனம் திருந்திய ஒருவனின் கதை என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்து யாரும் ஏமாறக் கூடாது.

தாலுகா அலுவலகங்களில் முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற மறுமாதமே சிட்லபாக்கம் வீட்டின் மாடியறையில் உட்கார்ந்து வலைப்பூ தொடங்கினேன். கவிதை, பயணம், சினிமா எதுவும் கிடையாது. பட்டா மாற்றுவது எப்படி, பிறப்புச் சான்றில் பெயரைத் திருத்துவது எப்படி, வாரிசுச் சான்று வாங்குவது எப்படி என்று எழுதினேன். எந்த மனுவை எங்கே கொடுக்க வேண்டும், எந்த நகல் தேவை, அவர்கள் கேட்டாலும் எந்த நகலைக் கொடுக்கத் தேவையில்லை, ‘நாளைக்கு வாங்க’ என்று சொன்னால் திருப்பி என்ன கேட்க வேண்டும், இவ்வளவுதான். வேலையில் இருந்தபோது இதையெல்லாம் கேட்டவர்களுக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பின்னூட்டங்கள் வந்தன. பழைய பதிவர்கள் சிலர் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களில் முதலில் ஓடி வருகிறவர் ‘வடை எனக்கே!’ என்று எழுதுவார். அது அவர்கள் மரபு. பதிவைப் படிக்காமல் எழுதினால்தான் வடை கிடைக்கும். படித்துக்கொண்டிருந்தால் வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்கள். செத்துப்போனவரின் வாரிசுகளைப் பற்றிய பதிவுக்குக் கீழேயும் வடை கேட்டார்கள். அடுத்து வருகிறவர்கள் ‘அருமை’ என்பார்கள். அதற்கடுத்தவர் ‘பயனுள்ள பகிர்வு, நம்ம பக்கமும் வாங்க’ என்பார்.

எனக்கு அந்த மரபு தெரியாது. மனு வந்தால் பதில் போக வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். ஆகவே ஒரு நோட்டு போட்டு, ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் எண் கொடுத்து, வந்த தேதியையும் பதில் போன தேதியையும் குறித்துவைத்தேன். ‘அருமை’ என்றவருக்கு, ‘தங்கள் கருத்து பெறப்பட்டது. அதில் கோரிக்கை ஏதும் இல்லாததால் மேல்நடவடிக்கையின்றி முடிக்கப்படுகிறது’ என்று எழுதினேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினார். அதற்கும் ஓர் எண் கொடுத்தேன்.

இவர்களால் பெட்டியை மூடவில்லை. ஒரு தரகரால் மூடினேன். என் பதிவுகளுக்குக் கீழே வந்து, ‘சார் சொல்வது சரி, ஆனால் அலைய வேண்டாம், எனக்கு ஆள் தெரியும்’ என்று எழுதித் தன் கைபேசி எண்ணையும் போட்டுவிட்டுப் போவார். நீக்கினால் வேறு பெயரில் வருவார். தரகர் இல்லாமல் வேலை முடியட்டும் என்று நான் எழுதுகிறேன். அந்த எழுத்தின் நிழலிலேயே அவர் கடை விரிக்கிறார். ஒரு நாள் காலை காபி குடித்துவிட்டு மேலே போய்ப் பெட்டியை மூடினேன். வலைப்பூவில் அதற்கு ஒரே ஒரு பொத்தான்தான். நான் பார்த்த நடைமுறைகளிலேயே எளிதானது அது.

என்னோடு ஏரிக்கரையில் காலையில் நடக்கும் நண்பருக்கு இது பொறுக்கவில்லை. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில்களைப் பற்றி வலைப்பூ எழுதுகிறார்.

“கமென்ட் இல்லாத பிளாக் என்ன பிளாக் சார்? அது நோட்டீஸ் போர்டு” என்றார்.

“நோட்டீஸ் போர்டுன்னா கேவலமா சார்? அதுக்கு முன்னாடி நின்னு படிக்கிறவன் காரியமாத்தான் படிக்கிறான்.”

“நாலு பேர் நல்லாருக்குன்னு சொன்னாத்தானே மேல மேல எழுதத் தோணும்?”

“அந்த நாலு பேர்ல மூணு பேருக்கு நீங்க போய் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்திருப்பீங்க.”

அவர் நடையை நிறுத்திவிட்டார். “சொல்லணும்னு இல்ல, இருந்தாலும் சொல்றேன். உங்க எல்லாப் பதிவுக்கும் நான் கமென்ட் போட்டிருக்கேன். என்னோடதுல ஒண்ணுக்குக்கூட நீங்க போடல.”

“எல்லாத்தையும் படிச்சேனே சார்.”

“படிச்சா போதுமா?”

எழுதுகிறவர் ஒருவர் இப்படிக் கேட்டு நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் தெருவுக்கு வாரம் இருமுறை மீன் கொண்டுவரும் அம்மாள் வாசலில் கூடையை இறக்கியிருந்தார். முன்பு கடலோரக் குப்பம் ஒன்றில் இருந்தவர். இப்போது பெரும்பாக்கத்தில், அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். எட்டு மாதங்களுக்கு முன்பு கணவர் இறந்துவிட்டார். என் மனைவி சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா, சார் தாலுக்கா ஆபீசுலதானே இருந்தாரு? இத்தக் கொஞ்சம் பாக்கச் சொல்லேன்” என்று பிளாஸ்டிக் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து நீட்டினார்.

வாங்கிப் பிரித்தேன். வாரிசுச் சான்று பற்றி நான் எழுதிய பதிவு, முழுதாக அச்செடுக்கப்பட்டிருந்தது. வலைப்பூவில் என் பெயர் கிடையாது. ‘ஓய்வுபெற்ற ஊழியர்’ என்றுதான் போட்டுக்கொள்வேன். ஆகவே அவருக்குத் தெரியாது.

“எவனோ அல்லாம் தெரிஞ்சவன் மாரி எழுதி வச்சிக்கிறான் சார். ஆதாரு எந்த அட்ரஸ்ல கீதோ அந்த தாலுக்காலதான் குடுக்கணுமாம். எங்க மாடி வூட்டு பிளாக்குல காலேஜ் படிக்கிற பொண்ணு போன்ல பாத்து, பிரிண்டு போட்டுப் படிச்சிக் காட்டுச்சு. நானும் நம்பிக்கினு அங்க போய்க் குடுத்தேன். ரெண்டு தபா தள்ளிட்டாங்க.”

“ஏன் தள்ளினாங்களாம்?”

“ஆதாருல எங்க பழைய குப்பத்து அட்ரஸ் சார். வி.ஏ.ஓ. விசாரிக்கப் போனா அங்க வூடு எங்க கீது? தெருவே இல்ல. அல்லாரையும் வாரிக்கினு வந்து பெரும்பாக்கத்துல வுட்டு ஆறு வருசம் ஆவுது. கடக்கரைக் காத்தையா போய் விசாரிப்பாரு?”

தாள்களுக்கு அடியில் இரண்டு நிராகரிப்பு உத்தரவுகள் இருந்தன. குறிப்பிட்ட முகவரியில் மனுதாரர் குடும்பம் வசிக்கவில்லை என்று இரண்டிலும் எழுதியிருந்தது. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

“வூடு என் வூட்டுக்காரர் பேர்ல கீது சார். ஹவுசிங் போர்டு ஆபீசுல வாரிசு சர்டிபிகேட்டு குடுத்தாத்தான் என் பேருக்கு மாத்துவாங்களாம். இந்த மாசம் இருபத்தஞ்சுக்குள்ள குடுக்கலன்னா அப்பால வராதேன்னுட்டாங்க. ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கினு நான் எங்க போவேன்? இவனுக்கு இன்னா, ஃபேனுக்குக் கீழ உக்காந்து எழுதிட்டான். வெயில்ல அலைஞ்சது நானு.”

என் மனைவி சங்கராவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பள்ளி ஆசிரியையாக இருந்தவள். தவறு செய்த மாணவன் தானாக எழுந்து நிற்கும்வரை காத்திருக்கும் பார்வை அது.

“எழுதினது நான்தாம்மா” என்றேன்.

“நீயா சார்?” என்னை மேலும் கீழும் பார்த்தார். “தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாக் கேட்டிருப்பேன்.”

மாடிக்குப் போய் அந்தப் பதிவைத் திறந்து படித்தேன். ‘ஆதாரில் உள்ள முகவரி எந்தத் தாலுகாவில் இருக்கிறதோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். வேறெங்கும் செல்லாது.’ இறந்தவர் நிலையாக எங்கே வசித்தாரோ அந்தத் தாலுகா என்பதுதான் உண்மையில் நடைமுறை. படிக்கிறவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ‘வசித்த இடம்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஆதார் முகவரி’ என்று போட்டவன் நான். ‘வேறெங்கும் செல்லாது’ என்பது என் மிடுக்குக்காகச் சேர்த்தது. முகவரி என்றால் அந்த இடத்தில் சுவர்கள் நிற்கும் என்று நினைத்திருக்கிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகளில், இல்லாமல் போன ஒரு தெருவுக்கு நான் விசாரணைக்குப் போனதேயில்லை.

அந்தப் பதிவுக்குக் கீழே, பெட்டி திறந்திருந்த நாட்களில் வந்த பின்னூட்டங்கள் அப்படியே இருந்தன. ஐம்பத்தேழு பேர் எழுதியவை. ஒவ்வொன்றாகப் படித்தேன். வடை ஒருவருக்கு. அருமை பலருக்கு. ‘இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை’ என்று ஒருவர். ஏரிக்கரை நண்பர் மூன்று முறை. தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. பின்னூட்டம் எழுதியவர்கள் எல்லோருக்கும் ஆதாரில் உள்ள முகவரியில் வீடு இருந்தது. எனக்கும் இருந்தது.

திங்கட்கிழமை அந்த அம்மாளோடு இ-சேவை மையத்துக்குப் போனேன். இருபத்தைந்தாம் தேதிக்குப் பதினாறு நாட்கள் இருந்தன. என்னிடம் பயிற்சி பெற்றவர்கள் இரண்டு பேர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எனக்கும் அந்தத் தரகருக்கும் என்ன வித்தியாசம்? பெரும்பாக்கத்து வீட்டின் ஒதுக்கீட்டு ஆணை, அந்த முகவரிக்கு மாறிவிட்ட ரேஷன் அட்டை, இறப்புச் சான்று, விசாரணைக்கு வந்து நிற்கப்போகும் அவர் மாடியிலேயே குடியிருக்கும் இரண்டு சாட்சிகளின் விவரம், எல்லாவற்றையும் சேர்த்தேன். அவற்றோடு பழைய அலுவலகத்தின் இரண்டு நிராகரிப்புகளையும் இணைத்தேன். ‘குடும்பம் பழைய முகவரியில் வசிக்கவில்லை’ என்று ஓர் அரசு அலுவலகமே கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறது. பெரும்பாக்கத்தில்தான் வசிக்கிறார்கள் என்று காட்ட அதைவிடத் துணையான காகிதம் எது? அவரைத் தள்ளிவிட்ட காகிதத்தை அவருக்காகவே பேசவைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான மகிழ்ச்சி அது.

இதை நண்பரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

“பார்த்தீங்களா சார்?” என்றார், முகமெல்லாம் வெளிச்சமாக. “பெட்டியைத் திறந்து வச்சிருந்தா, அந்தம்மா அன்னைக்கே தப்புன்னு போட்டிருப்பாங்க. மூடிட்டு உக்காந்தீங்க. எட்டு மாசம் ஒரு லேடியை அலைய விட்டுட்டீங்க.”

அது என்னைத் தைத்தது. இரண்டு நாள் தைத்துக்கொண்டே இருந்தது. மறுமுறை மீன் கொண்டுவந்தபோது அந்த அம்மாளிடமே கேட்டேன்.

“அந்தப் பேப்பர்ல கீழ எழுதறதுக்கு ஒரு இடம் இருந்திருந்தா, தப்புன்னு எழுதியிருப்பியாம்மா?”

“எனக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சா, அந்தப் பொண்ண எதுக்கு சார் படிச்சிக் காட்டச் சொல்றேன்?”

“அந்தப் பொண்ணை விட்டு எழுதச் சொல்லியிருக்கலாமே?”

“அதுக்கு ஆயிரம் வேல. அது எழுதி, நீ எப்பப் பாத்து...” கத்தியைக் கழுவிக்கொண்டே சிரித்தார். “வூடு தேடி வந்து திட்டுனாத்தான் சார் ஒறைக்கும்.”

இதை அப்படியே போய் நண்பரிடம் ஒப்பித்தேன். “அந்தம்மாவுக்கு உங்க வீடு தெரியும், மத்தவங்க என்ன பண்ணுவாங்க?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. ஆனால் ஐம்பத்தேழு பேருக்கு இடம் கொடுத்த பெட்டி அதற்குப் பதில் அல்ல என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பதிவைத் திருத்தினேன். யாருக்கும் தெரியாமல் வரியை மாற்றிவிட்டுப் போவதும் ஒரு நடைமுறைதான், அதையும் அறிவேன். செய்யவில்லை. உச்சியில் சிவப்பு எழுத்தில் போட்டேன்: ‘இந்தப் பதிவில் பிழை இருந்தது. பிழை என்னுடையது. பழைய வீடு இடிக்கப்பட்டு வேறிடத்தில் குடியேறியவர்கள் ஆதார் முகவரியைப் பார்க்க வேண்டாம். இறந்தவர் நிலையாக வசித்த இடத்துத் தாலுகாவில் விண்ணப்பிக்கவும். கீழே உள்ள பாராட்டுகள் பிழையான வடிவத்துக்கு வந்தவை.’ அந்தக் கடைசி வரியில் ஒரு சிலர் வருத்தப்பட்டதாகக் கேள்வி. வருத்தத்தைத் தெரிவிக்க அங்கே பெட்டி இல்லை.

சான்று இருபத்து மூன்றாம் தேதி வந்தது. மறுநாளே போய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் வீடு அவர் பெயருக்கு மாறியது. அந்த ஆணையை எங்கள் வாசலில் என் மனைவி உரக்கப் படித்துக் காட்டினாள். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

“கரண்டு கனெக்‌ஷனு இன்னும் அவர் பேர்லயேதான் கீது சார். அத்த மாத்தறது எப்டின்னு எழுது. எங்க பிளாக்குல ஆறு பேருக்கு வோணும்” என்றார். பிறகு, “இந்த தபா போய்ப் பாத்துட்டு எழுது” என்றார்.

போய்ப் பார்த்தேன். மின்வாரிய அலுவலகத்தின் கவுன்ட்டருக்கு முன்னால் ஒரு காலை முழுக்க வரிசையில் நின்றேன். முப்பத்திரண்டு ஆண்டு கவுன்ட்டருக்கு உள்ளே இருந்தவனுக்கு வெளியே இவ்வளவு வெயில் அடிக்கும் என்று தெரியாது. எழுதி முடித்து, வெளியிடுவதற்கு முன் தாளை வாசலுக்கு எடுத்து வந்து அந்த அம்மாளுக்குப் படித்தேன். மீனை அரிந்துகொண்டே கேட்டவர், இரண்டாவது பத்தியிலேயே கையை நிறுத்திவிட்டார்.

“‘உரிய அலுவலகத்தில் கொடுக்கவும்’னா எந்த ஆபீசு சார்? எந்த பஸ் ஏறி எங்க எறங்கணும்?”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.